கடலூர் முழுமைத் திட்டத்தில் உங்கள் மனை: பார்ப்பது முதல் ஆட்சேபனை கொடுப்பது வரை

கடலூரில் மனை வாங்கப் போகிறவர்கள், கட்டிய வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ பெரிய சாலை வருகிறதாமே என்று கேள்விப்பட்டுக் கலங்கியிருப்பவர்கள், புதிதாகக் குடிவந்த ஜோரில் நலச்சங்கச் செயலாளர் பொறுப்பைத் தலையில் கட்டிக்கொண்டவர்கள், இந்த மூன்று தரப்புக்காகவும் இதை எழுதுகிறேன். எங்கள் குடும்ப இடத்தின் குறுக்கே ஒரு திட்டச் சாலை போவதாகத் தெரியவந்து, அதன் பின்னால் அலைந்ததில் தெரிந்துகொண்டவை இவை. "அந்த செக்‌ஷன்ல கேளுங்க", "சர்வேயர் லீவு", "மேப் சென்னையில இருக்கு" என்று அலுவலகத்துக்கு அலுவலகம் பதில் மாறும். எதை, எங்கே, எந்தப் பெயரில் கேட்பது என்று தெரிந்துவிட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் எப்படி வளர வேண்டும் என்று டீக்கடையில் பேசக் காலவரம்பு கிடையாது. வரைவுத் திட்டத்தை மாற்றச் சொல்வதற்கு மட்டும் உண்டு. சட்டம் குறைந்தபட்சம் இரண்டு மாதம் தருகிறது. அதற்குள் சர்வே எண் போட்டு, எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிய மனுதான் கணக்கில் வரும். கீழே உள்ள எல்லாமே அந்த மனுவுக்கான ஏற்பாடு.

1. எந்தத் திட்டம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

முழுமைத் திட்டம் என்பது மாஸ்டர் பிளான். ஊரில் எந்த நிலம் குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை, எது விவசாயம், பெரிய சாலைகள் எங்கே என்று நிர்ணயிப்பது அதுதான். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971ன் கீழ் உள்ளூர் திட்டக் குழுமம் அதைத் தயாரிக்கிறது. மேலே நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது எல்லோரும் டிடிசிபி என்று சொல்லும் துறை. கடைசி ஒப்புதல் அரசிடமிருந்து வரும்.

அதற்குள் அடங்குவது விரிவான வளர்ச்சித் திட்டம். அலுவலகத்தில் 'டி.டி. பிளான்' என்பார்கள். குறிப்பிட்ட பகுதிக்கு மட்டும் போடுவது. தெரு அகலம் வரை இதில் இருக்கும். இதற்கு ஒப்புதல் தருபவர் டிடிசிபி இயக்குநர். "மாஸ்டர் பிளானில் உங்கள் இடம் கிளியர் சார்" என்று ஒருவர் சொன்னால், "டி.டி. பிளானில்?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். பல திட்டச் சாலைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவதாக மாநகராட்சி. வடிகால், தெருவிளக்கு, பூங்கா, குப்பை எல்லாம் அவர்கள் பட்ஜெட். நில உபயோகத்தை மாற்றச் சொல்லி கவுன்சிலரிடம் மனு கொடுத்தால் அவர் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஸ்மார்ட் சிட்டி என்ற வார்த்தையைச் சொல்லி மனை விற்கிறவர்களிடம் கவனம். ஒன்றிய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2015ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடிந்தது. தேர்வான 100 நகரங்களில் புதுச்சேரி உண்டு, 2017ல் சேர்ந்தது. கடலூர் அந்தப் பட்டியலில் இல்லை. "ஸ்மார்ட் சிட்டி லிமிட்ல வருது, ரெண்டு வருஷத்துல ரேட் டபுள்" என்று யாராவது சொன்னால் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. முள்ளோடை தாண்டினால் சட்டமே வேறு. புதுச்சேரிக்கு 1969ஆம் ஆண்டின் தனிச் சட்டமும் தனித் திட்டக் குழுமமும் இருக்கின்றன. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பத்து நிமிடத் தொலைவில் மனை பார்க்கிறவர்கள் ஒரே காகிதக் கட்டோடு இரண்டு பக்கமும் போகாதீர்கள்.

2. சர்வே எண்ணைச் சரிபாருங்கள்

பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இது. நகருக்குள் இருக்கும் மனைகளுக்கு டவுன் சர்வே நடந்திருக்கும். வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று மூன்று எண்கள் வரும். உங்கள் தாத்தா காலத்துப் பத்திரத்திலோ பழைய ஆர்.எஸ். எண், அதாவது ரீசர்வே எண் மட்டும் இருக்கும். திட்ட ஆவணத்தில் இவற்றில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்தால்தான் உங்கள் இடம் அதில் எங்கே என்று தெரியும். பழைய எண்ணுக்கு எந்தப் புதிய எண் என்று காட்டும் பதிவு வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் கிடைக்கும். 'கோரிலேஷன்' என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வீட்டிலிருந்தே எடுக்கக்கூடியவை:

பட்டா அல்லது டவுன் சர்வே பதிவேட்டு நகல், புல வரைபடம். இரண்டும் வருவாய்த் துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் இலவசம். புல வரைபடத்தை எஃப்எம்பி என்று கேளுங்கள். அதில் உங்கள் உட்பிரிவின் நான்கு பக்க அளவும் மீட்டரில் இருக்கும்.

வில்லங்கம். பதிவுத் துறையின் தளத்தில் பார்ப்பது இலவசம். சான்றிட்ட நகல் வேண்டுமென்றால் தனிக் கட்டணம். ஆட்சேபனைக்குப் பார்த்து அச்சிட்டதே போதும்.

கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும் ஆட்சேபனை கொடுக்கலாம். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் நேரில் கூப்பிடும்போது "நீங்க யாரு இதுக்கு?" என்ற கேள்வியிலேயே பாதி நேரம் போய்விடும்.

வருவாய்க் கிராமத்தின் பெயரும் முக்கியம். நாம் முகவரியில் எழுதும் நகர், காலனி, அவென்யூ எதுவும் வருவாய்ப் பதிவில் இருக்காது. பட்டாவின் தலைப்பில் இருக்கும் கிராமப் பெயர்தான் திட்ட ஆவணத்திலும் வரும்.

மனை வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. "டிடிசிபி அப்ரூவ்ட்" பலகையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், ஒப்புதல் எண்ணையும் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபட நகலையும் வாங்குங்கள். பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். வரைபடத்தில் பச்சையாக இருக்கும் பூங்கா, தரையில் கருவேலங்காடாகவோ, யாரோ கம்பி வேலி போட்ட இடமாகவோ இருந்தால் தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

3. அறிவிப்பு வரும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வரைவு தயாரானதும் அரசின் இசைவு பெற்று, சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிப்பு போட வேண்டும். எங்கே வரைபடத்தைப் பார்வையிடலாம், எந்தத் தேதிக்குள் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கும்.

பொறி இங்கேதான். இரண்டு மாதம் என்பது அரசிதழ் தேதியிலிருந்து எண்ணப்படுகிறது. நாளிதழில் நீங்கள் பார்த்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். வாட்ஸாப் குழுவில் யாரோ கத்தரித்துப் போட்ட படம் உங்களுக்கு வரும்போது பாதிக் காலம் ஓடியிருக்கலாம்.

தமிழ்நாடு அரசிதழ் புதன்கிழமைதோறும் வெளியாகிறது. எழுதுபொருள் அச்சுத் துறையின் தளத்தில் இலவசமாகத் தரவிறக்கலாம். பகுதி 6, பிரிவு 1ஐ மட்டும் திறந்து கடலூர் என்றும் உங்கள் கிராமப் பெயரையும் தேடுங்கள். ஐந்து நிமிட வேலை. ஏற்கெனவே ஒப்புதலான திட்டத்தில் ஒரு சர்வே எண்ணுக்கு மட்டும் செய்யும் மாறுதல் அறிவிப்புகளும் அங்கேதான் வரும். பக்கத்து வயல் திடீரென்று தொழில் உபயோகத்துக்கு மாறுகிறதா என்பது அதில்தான் தெரியும். நலச்சங்கத்தில் யாராவது ஓய்வுபெற்ற ஆசிரியர் இருந்தால் இந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு புதன்கிழமையைக்கூட விட மாட்டார்.

4. வரைபடத்தை நேரில் போய்ப் பாருங்கள்

இணையத்தில் பிடிஎஃப் கிடைத்தாலும் ஒருமுறை நேரில் போய்விடுங்கள். கையோடு கொண்டுபோக வேண்டியவை: எஃப்எம்பி நகல், அடிக்கோல், பென்சில், வெள்ளைத்தாள், சார்ஜ் ஏறிய போன், படிக்கும் கண்ணாடி. பூதக்கண்ணாடி இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துப் போங்கள்.

கேட்க வேண்டியவை ஐந்து: தற்போதைய நில உபயோக வரைபடம், உத்தேச நில உபயோக வரைபடம், சர்வே எண் வாரியான பட்டியல், உத்தேசச் சாலைகளின் அகலப் பட்டியல், திட்ட அறிக்கை. முதல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் என்ன மாறுகிறது என்பது கண்ணில் படும். ஒன்றை மட்டும் காட்டி அனுப்பினால் இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்.

நிறங்கள் வழக்கமாக இப்படி இருக்கும்: மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழில், சிவப்பு பொது உபயோகம், பச்சை விவசாயமும் திறந்தவெளியும். ஆனாலும் ஓரத்தில் இருக்கும் நிறக்குறிப்பைப் படிக்காமல் முடிவுக்கு வராதீர்கள். பச்சையில் மட்டும் மூன்று வகை இருக்கும், மங்கலான அச்சில் மூன்றும் ஒன்று போலத் தெரியும்.

இப்போது அளவுகோல். வரைபடம் 1:10,000 என்று வையுங்கள். தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் பத்து மீட்டர். முப்பதடி அகல மனை என்பது ஒன்பது மீட்டர் சொச்சம். அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. 24 மீட்டர் சாலை இரண்டரை மில்லிமீட்டர் கோடு. அந்தக் கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்து அச்சானால் தரையில் ஐந்து மீட்டர் போய்விட்டது, உங்கள் வரவேற்பறையும் அதோடு போய்விட்டது. ஆகவே, "கோடு எங்க வீட்டுக்கு மேல போகுது" என்று கண்ணால் பார்த்துப் பதறவும் வேண்டாம், "பக்கத்து வீட்டு மேலதான் போகுது" என்று நிம்மதியடையவும் வேண்டாம். சர்வே எண் பட்டியலில் உங்கள் எண் இருக்கிறதா என்பதே பேச்சு. பட்டியல் இல்லையென்றால், அது இல்லை என்பதையே உங்கள் மனுவில் முதல் ஆட்சேபனையாக எழுதலாம்.

பிடிஎஃப்பை வீட்டில் ஏ4 தாளில் அச்சிட்டு அடிக்கோல் வைத்து அளக்காதீர்கள். தாள் சுருங்கினால் விகிதமும் சுருங்கும். வரைபடத்தின் மூலையில் இருக்கும் அளவுப்பட்டையை வைத்து அளந்தால் எந்தத் தாளிலும் சரியாக வரும். பெரிய தாளில் அச்சிடக் கட்டட வரைபடம் போடும் கடைக்குத்தான் போக வேண்டும். சாதாரண ஜெராக்ஸ் கடையில் ஏ3யோடு நின்றுவிடும்.

பட்டியலில் உங்கள் எண்ணைக் கண்டுபிடித்தால், பக்கத்தைப் படமெடுத்து, எந்தப் பக்கம், எந்தத் தாள் எண், எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். படமெடுக்கக் கூடாது என்றால் சண்டை வேண்டாம், கையால் எழுதிக்கொண்டு வந்து 9ஆம் படிக்குப் போங்கள்.

5. தண்ணீர் எங்கே போகும் என்று பாருங்கள்

நம் ஊரில் எந்தத் திட்டத்தையும் முதலில் தண்ணீரை வைத்துத்தான் படிக்க வேண்டும். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் சேருமிடம், அதோடு உப்பனாறு, பரவனாறு. 2015 மழை நினைவிருக்கும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டபோது குண்டு உப்பலவாடி, தாழங்குடா, நாணமேடு பக்கம் தண்ணீர் எந்த வழியில் வந்தது என்று அங்குள்ளவர்களைக் கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். வரைபடத்தில் அந்த வழி மஞ்சளாக இருந்தால் அது ஆட்சேபனைக்குரிய விஷயம்.

இதற்கு ஆதாரம் தேட ஒரு வழி. கிராம வரைபடத்திலும், கிராமத்து நிலங்களை எண் வாரியாகப் பதிந்திருக்கும் அ-பதிவேட்டிலும் ஓடை, வாய்க்கால், ஏரி உள்வாய் எல்லாம் தனித்தனி சர்வே எண்ணோடு புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்க்கலாம். அந்த எண்களைக் குறித்துக்கொண்டு உத்தேச வரைபடத்தில் தேடுங்கள். வாய்க்கால் பாதியில் காணாமல் போய், அந்த இடம் குடியிருப்பு நிறத்தில் இருந்தால், நீங்கள் எழுதப்போகும் ஆட்சேபனைகளிலேயே பலமானது அதுதான். அரசின் ஒரு பதிவை வைத்தே இன்னொரு பதிவைக் கேள்வி கேட்கிறீர்கள். "மழை வந்தா முட்டளவு தண்ணி" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் வராத பலம் இந்த ஒரு வரியில் வரும்.

கடலோரம் என்றால், கட்டடம் கட்டக் கட்டுப்பாடுகள் உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலமும் சேரும். 2019 அறிவிக்கையின்படி கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அது பொருந்தும். அலை ஏறி இறங்கும் ஆற்றோரங்களில் 50 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. முந்தைய 2011 அறிவிக்கையில் இந்த 50 என்பது 100 ஆக இருந்தது. ஆகவே உங்கள் இடத்துக்கு எந்த வரைபடம் நடப்பில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாவட்ட அளவு வரைபடம் 1:25,000. அதில் மனையைத் தேட முடியாது. 1:4,000 அளவிலான கிராம வரைபடத்தைக் கேளுங்கள், சர்வே எண்ணோடு இருக்கும். தேவனாம்பட்டினம் பீச் ரோட்டில் நின்று போனில் தூரம் அளந்து காட்டும் புரோக்கரை நம்ப வேண்டாம். உயர் அலைக் கோடு என்பது அன்றைக்கு அலை வந்து தொடும் இடம் கிடையாது. அளந்து வரைபடத்தில் குறித்த கோடு.

மக்கள்தொகையையும் ஒரு பார்வை பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கடலூர் நகராட்சியில் 1,73,636 பேர். 2021ல் கணக்கெடுப்பு நடக்கவில்லை. ஊர் மாநகராட்சி ஆனதே 2021ல்தான். இன்னும் இருபது வருடத்துக்கு இத்தனை வீடு, இத்தனை தண்ணீர், இத்தனை சாலை என்று திட்ட அறிக்கை சொல்லும் ஒவ்வொரு எண்ணும் எந்த அடிப்படையிலிருந்து வளர்த்தது என்று அறிக்கையில் தேடுங்கள். அடிப்படை சொல்லாமல் எண் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு நியாயமான கேள்வி.

6. மனு எழுதுங்கள்

தட்டச்சு செய்தது நல்லது. தெளிவான கையெழுத்தும் போதும். தமிழிலேயே எழுதுங்கள். வழக்கறிஞர் தேவையில்லை. பொருள் வரி இப்படி இருக்கட்டும்:

"பொருள்: கடலூர் முழுமைத் திட்ட வரைவு – (கிராமத்தின் பெயர்), சர்வே எண் (உட்பிரிவோடு) – குடியிருப்பின் குறுக்கே உத்தேசச் சாலை – ஆட்சேபனை தெரிவித்தல், நேரில் விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக. பார்வை: அரசிதழ் அறிவிப்பு எண், நாள்."

உள்ளே முதல் பத்தியில் நீங்கள் யார், இடம் எது. அடுத்ததில் வரைவில் என்ன இருக்கிறது, தாள் எண், பக்க எண்ணோடு. அதற்கடுத்து தரையில் என்ன இருக்கிறது: வீடு கட்டி எத்தனை வருடம், வரி ரசீது, மின் இணைப்பு. பிறகு, மாற்று என்ன. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் யாரும் எழுதுவதில்லை. "சாலையே வேண்டாம்" என்று எழுதியவரைவிட, "இருபது மீட்டர் மேற்கே இந்த எண்ணில் புறம்போக்குப் பாதை இருக்கிறது, அதன் வழியே கொண்டுபோகலாம்" என்று எழுதியவரோடு பேச அதிகாரிக்கு ஏதாவது இருக்கும். மாற்று வழியை எஃப்எம்பி நகலின் மேல் சிவப்பு பேனாவில் வரைந்து இணையுங்கள்.

கடைசிப் பத்தியில் ஒரு வரி தவறாமல் இருக்க வேண்டும்: "சட்டப்பிரிவு 26(2)ன்படி என்னை நேரில் விசாரித்து முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." கேட்டவர்களுக்குத்தான் நேரில் சொல்லும் வாய்ப்பைச் சட்டம் தருகிறது. கேட்காவிட்டால் கூப்பிடாததைக் குறை சொல்ல முடியாது.

ஒரு மனுவுக்கு ஒரு விஷயம். சாலைக்கு ஒன்று, வாய்க்காலுக்கு ஒன்று, பூங்காவுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால் சுலபமான ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒரே வாசகத்தை நூறு ஜெராக்ஸ் எடுத்து நூறு கையெழுத்து வாங்கும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட, பாதிக்கப்படும் ஒவ்வொரு உட்பிரிவுக்கும் அவரவர் எண், அவரவர் ஆவணத்தோடு ஒரு பக்க மனு நல்லது. சங்கத்தின் பெயரில் கொடுப்பதானால் தீர்மான நகலும் பதிவு எண்ணும் சேருங்கள்.

சட்டம் ஆட்சேபனையோடு ஆலோசனைகளையும் கேட்கிறது. உங்கள் இடத்துக்குப் பிரச்சினையே இல்லாவிட்டாலும் எழுதலாம்: ஏரிக்கரையில் கட்டடம் வராத பசுமைப் பட்டை வேண்டும், புதிய மனைப்பிரிவுகளின் சாலை ஒன்றோடொன்று இணைய வேண்டும், பள்ளி இருக்கும் தெருவில் நடைபாதைக்கு அகலம் ஒதுக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் மாலை ஆறு மணிக்குச் சாலையைக் கடந்து பார்த்தவருக்கு எழுத விஷயமா இல்லை.

7. கொடுக்கும் இடமும் ஒப்புகையும்

அறிவிப்பில் எந்த அலுவலகம் என்று இருக்கிறதோ அங்கேயே கொடுங்கள். இரண்டு நகல். ஒன்றில் தபால் பிரிவின் முத்திரை, தேதி, சுருக்கொப்பம். "வெச்சிட்டுப் போங்க, அப்புறம் நம்பர் போட்டுக்கலாம்" என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். நம்பர் விழாத காகிதம் எந்த மேசையிலும் இல்லாத காகிதம்.

அன்றே ஒரு பிரதியைத் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபாலை 2025 செப்டம்பர் முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்ட்டரில் பதிவு வசதியும் சேர்ப்பு அத்தாட்சியும் வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். ரசீதை மனு நகலின் பின்பக்கத்தில் ஒட்டிவிட்டால் தொலையாது.

திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்துவிட்டு, ஆட்சேபனை கொடுத்துவிட்டதாக நினைத்து இருந்துவிடாதீர்கள். அந்த மனு சுற்றிச் சுற்றி உரிய அலுவலகத்துக்கு வந்து சேரும்போது கெடு முடிந்திருக்கும். கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. முதல்வரின் உதவி மைய எண்ணான 1100ம் அப்படித்தான், நினைவூட்ட உதவும்.

மாநகராட்சி செய்ய வேண்டிய வடிகால், பூங்கா விஷயங்களுக்கு வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் நடக்க வேண்டும். அங்கே தீர்மானம் போடவைத்து, நகல் வாங்கி, ஆலோசனை மனுவோடு இணைத்தால் தனி ஆளின் குரலுக்கு ஒரு வார்டின் எடை வரும்.

8. விசாரணை நாள்

கடிதம் வந்தால் தவறாமல் போங்கள். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மனுவின் பொருள் வரி, தாள் எண், மாற்று வழி வரைபடம், மூன்றும் மேலே இருக்கட்டும். சொன்னதை அன்று மாலையே ஒரு பக்கத்தில் எழுதி, "இன்று நேரில் தெரிவித்தவை" என்று தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

9. பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு

கட்டணம் 10 ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய், பெரிய வரைபடத்துக்கு ஆகும் செலவைச் சொல்வார்கள். கோப்பை நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரம் இலவசம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு, அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

"ஏன் என் இடத்தில் சாலை போட்டீர்கள்?" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று வந்துவிடும். ஏன் என்பதற்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் இடமில்லை, காகிதம் கேளுங்கள். "இன்ன நாளில் நான் கொடுத்த ஆட்சேபனை மீது எழுதப்பட்ட கோப்புக் குறிப்புகளின் நகல்", "இன்ன சர்வே எண்ணுக்கான உத்தேச நில உபயோகப் பட்டியலின் சான்றிட்ட நகல்" என்று கேட்டால் ஏதாவது தந்தாக வேண்டும்.

ஒரு கணக்கு: பதில் வர 30 நாள், ஆட்சேபனைக்கு இரண்டு மாதம். தகவல் உரிமை மனுவை முதல் வாரத்திலேயே போட்டால்தான் அதன் பதில் ஆட்சேபனைக்குப் பயன்படும். பதிலுக்காகக் காத்திருந்து ஆட்சேபனையைத் தள்ளிப்போடக் கூடாது. முதலில் கொடுங்கள், ஆவணம் வந்ததும் கூடுதல் மனு கொடுங்கள்.

செலவு என்று பார்த்தால் இந்த மொத்த வேலைக்கும் ஜெராக்ஸ், தபால், ஸ்டாம்ப், பெரிய தாள் அச்சு, ஆட்டோ, இவ்வளவுதான். எல்லைத் தகராறும் சேர்ந்திருந்தால் மட்டும் அளவையாளர் செலவு வரும். "என்ஓசி வாங்கித் தர்றேன், ரோட்டை நகர்த்திடலாம்" என்று அலுவலக வாசலில் யாராவது கூப்பிட்டால், நகர்வது உங்கள் பணம் மட்டும்தான்.

10. பழைய திட்டத்தில் ஏற்கெனவே மாட்டியிருந்தால்

சாலைக்கோ பூங்காவுக்கோ என்று பல வருடம் முன்பே உங்கள் இடத்தை ஒதுக்கிவிட்டு அப்படியே விட்டிருக்கலாம். இப்படி மாட்டியவர்களுக்கு அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38ஆம் பிரிவு இருக்கிறது. வரைவு அறிவிப்பு அரசிதழில் வந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் நிலம் எடுப்பதற்கான அறிவிக்கையும் வராமல், பேசி வாங்கவும் செய்யாமல் விட்டிருந்தால், அந்த நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகக் கருதப்படும். சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பல வழக்குகளில் பின்பற்றியிருக்கிறது.

ஆனால் சட்டத்தில் விடுபட்டாலும் வரைபடத்தில் கோடு தானாக அழியாது. கட்டட அனுமதிக்குப் போகும்போது பழைய கோடே எதிரே வந்து நிற்கும். அதனால் முதலில் தகவல் உரிமையில் இரண்டு காகிதம் வாங்குங்கள்: இன்ன எண்ணுக்கு நிலம் எடுப்பதற்கான 37ஆம் பிரிவு அறிவிக்கை ஏதாவது வந்திருக்கிறதா, நிலம் வாங்கிய பதிவு இருக்கிறதா. இரண்டுக்கும் "இல்லை" என்று வந்தால் அந்தப் பதிலை இணைத்து, ஒதுக்கீட்டிலிருந்து விடுவித்து ஆணையிடக் கோரி இயக்ககத்துக்கு விண்ணப்பியுங்கள். மறுத்தாலோ மௌனம் காத்தாலோ, அந்த இடத்தில்தான் வழக்கறிஞருக்குச் செலவு செய்யலாம்.

2024 முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்களுக்கு சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வருகிறது. வேகமாக வருகிறது என்பதால் மேலே சொன்ன எதையும் தவிர்க்க முடியாது. விவரம் எல்லாம் சரி என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். திட்டச் சாலையிலோ நீர்நிலைப் புறம்போக்கிலோ இடம் வருகிறது என்று பிறகு தெரிந்தால் அந்த அனுமதி உங்களைக் காப்பாற்றாது.

அரசு ஒப்புதல் தந்ததும் இறுதித் திட்டம் மீண்டும் அரசிதழில் வரும். வரைவில் இருந்த எண், இறுதியில் அப்படியே இருக்கிறதா என்று ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தின் அச்சு, உங்கள் மனு நகல், முத்திரை விழுந்த ஒப்புகை மூன்றையும் மூலப் பத்திரத்தோடு அதே உறையில் போட்டு வையுங்கள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திட்டத்தை மறு ஆய்வு செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. அப்போது இதே கட்டை எடுத்துக்கொண்டுதான் மறுபடி போக வேண்டியிருக்கும்.